குட்டி டாக்டர் படித்த தாள்

மார்ச் 4

தம்பிக்கு,

உறையின் மேல் என் கையெழுத்தைப் பார்த்ததும் கிழிக்கத் தோன்றும். கிழி, ஆனால் படித்துவிட்டுக் கிழி. உன் போனுக்கு அடித்துப் பார்த்தேன். என் நம்பரை நீ தடுத்து வைத்திருக்கிறாய் என்பது நாலாவது தடவைதான் எனக்கு உறைத்தது. பதினான்கு வருஷம் ஆகியும் உனக்கு அலுக்கவில்லை.

எனக்கு ரத்தக் கொதிப்பு. சாதாரணக் கொதிப்பு இல்லை, மூன்று மாத்திரை போட்டும் நூற்றுத் தொண்ணூறுக்குக் கீழே இறங்க மாட்டேன் என்கிற கொதிப்பு. நான் ஹோட்டல் சலவைப் பிரிவில் இருப்பது உனக்குத் தெரியும். ஈரப் படுக்கை விரிப்பு ஒரு தள்ளுவண்டி நிறைய வரும், அதைக் குனிந்து அள்ளி உலர்த்தும் இயந்திரத்தில் போட வேண்டும். போன வருஷக் கடைசியில் ஒரு நாள் அள்ளினேன், கை வரவில்லை. துணி கனக்கவில்லை, கைதான் காலியாக இருந்தது. ரத்தத்தில் பொட்டாசியம் பாதாளத்தில் கிடப்பதாகச் சொன்னார்கள். அப்புறம் ஒரு டாக்டரம்மா புதிதாக ஒரு பரிசோதனை எழுதினார்.

சிறுநீரகத்தின் தலையில் தொப்பி மாதிரி ஒரு சுரப்பி இருக்கிறதாம், அட்ரீனல். அதில் ஆல்டோஸ்டீரோன் என்று ஒரு சுரப்பு. உடம்பில் உப்பைப் போகவிடாமல் பிடித்து வைப்பதும், பதிலுக்குப் பொட்டாசியத்தைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளுவதும் அதன் வேலை. அளவோடு செய்தால் வேலை, அளவு மீறினால் கொதிப்பு. எனக்கு அளவு மீறியிருக்கிறது.

"வீட்டுல வேற யாருக்காவது பிரஷர் இருந்துச்சா?" என்று கேட்டார். "எங்கம்மாவுக்கு. ஐம்பத்திரண்டு வயசுல பக்கவாதம் வந்து போயிட்டாங்க. நான்தான் காரணம்னு சொல்லுவாங்க" என்றேன். நான் தமாஷ் பண்ணுவதாக நினைத்துச் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "சில குடும்பத்துல இது ரத்தத்துலயே வரும். கூடப் பிறந்தவங்க இருந்தா பார்க்கச் சொல்லுங்க" என்றார்.

அதனால்தான் எழுதுகிறேன். அதற்காக மட்டுமில்லை, பொய் சொல்வானேன்.

கல்யாணத்துக்கு ஒன்பது நாள் இருக்கும்போது நான் மாட்டேன் என்று சொன்னேன். அன்று சாயங்காலம் மருந்துக் கடைக்காரர் அம்மா கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்துப் பார்த்தார். இருநூற்றுப் பத்து. "ரத்தம் கொதிக்குதும்மா" என்றார். நம் பாஷையில் அந்த வியாதிக்கு அப்படிப் பெயர் வைத்தவனை நான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன். கொதிப்பு என்று சொல்லிவிட்டால் அடுப்பு மூட்டியவர் ஒருவர் வேண்டாமா? வீட்டில் நான் இருந்தேன். அன்றிலிருந்து என் பெயரே கொதிப்பு. இரண்டு வருஷம் கழித்து அம்மா விழுந்து போனாள். எட்டு நாள் கழித்து நீ ஒரு தபால் அட்டை போட்டாய். 'கொதித்து அடங்கிவிட்டாள். இனி வர வேண்டாம்.' அந்த அட்டை என்னிடம் இருக்கிறது.

அன்றைக்கு அளந்தார்கள், சரி. வந்தது என்றைக்கோ, யாருக்குத் தெரியும்?

அம்மாவின் ஆஸ்பத்திரித் தாள்கள் உன்னிடம்தான் இருக்கும். அவளுடைய பொட்டாசியம் எவ்வளவு என்று பார்த்துச் சொல். அது குறைவாக இருந்திருந்தால் எனக்கு ஒரு வரி எழுது. 'அம்மா உன்னால் சாகவில்லை.' அவ்வளவுதான். கையெழுத்துக்கூடப் போட வேண்டாம்.

அக்கா


மார்ச் 19

கொதிப்பு அவர்களுக்கு,

கடிதம் வந்தது. என் மனைவி குப்பைக் கூடையில் போடச் சொன்னாள். நான்தான் நல்ல நகைச்சுவையை வீணாக்கக் கூடாது என்று முழுக்கப் படித்தேன்.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இத்தனை வருஷம் கழித்து உனக்கு ஒரு சுரப்பி கிடைத்திருக்கிறது. தொப்பி போட்ட சுரப்பி! வாழ்த்துகள். கல்யாணப் பத்திரிகையை வீடு வீடாகத் திரும்ப வாங்கப் போனது யார் தெரியுமா? நான். இருபத்திரண்டு வயதில். ஒவ்வொரு வாசலிலும் "பொண்ணு யாரோட போச்சு?" என்று கேட்டார்கள். யாரோடும் போகவில்லை, சும்மாதான் மாட்டேன் என்றாள் என்று சொன்னால் ஒருவரும் நம்பவில்லை. அம்மா உள்ளே சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். அதையும் உன் சுரப்பிதான் செய்ததா?

எனக்கும் கொதிப்பு இருக்கிறது. நூற்று எழுபது. ஒரு மாத்திரை போடுகிறேன். டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவனுக்குக் கொதிப்பு வராமல் குளிரா எடுக்கும்? வலது பக்கம் உட்கார்ந்திருக்கும் ஜென்மம் பஸ்ஸைப் பார்த்ததும் கண்ணை மூடிக்கொள்கிறது. இடது பக்கம் என் காலடியில் இரண்டாவது பிரேக். பதினோரு வருஷமாக ஒரு நாளைக்கு முந்நூறு தடவை மற்றவன் தப்புக்கு நான் மிதிக்கிறேன். கெண்டைக்கால் பிடித்து இழுக்காமல் என்ன செய்யும்? ராத்திரி நாலு தடவை பாத்ரூமுக்கு எழுந்து போகிறேன், அதற்கும் உன் டாக்டரம்மா ஒரு தொப்பி மாட்டுவாள்.

அம்மாவின் தாள்கள் பச்சைப் பையில், என் பீரோவில், என் சாவிக்குள் இருக்கின்றன. உனக்குக் கிடையாது. நீ கேட்ட வரியும் கிடையாது. போன் செய்யாதே. எழுதுவதானால் எழுது, அடுப்பெரிக்க ஆகும்.

தம்பி


ஏப்ரல் 2

தம்பிக்கு,

உன் ஸ்கூல் தாளிலேயே எழுதியிருக்கிறாய். தலைப்பில் சிவப்புக் கார் படம், கீழே இரண்டு போன் நம்பர், 'பயம் போகும், லைசென்ஸ் வரும்' என்று வாசகம். நன்றாக இருக்கிறது. அம்மா பார்த்திருந்தால் பெட்டியில் வைத்திருப்பாள்.

நீ என்னைத் திட்டுகிற மும்முரத்தில் உன் வியாதியை நீயே எழுதிக் கொடுத்துவிட்டாய். கெண்டைக்கால் இழுக்கிறது. ராத்திரி நாலு தடவை எழுந்திருக்கிறாய். நாற்பது வயது ஆகவில்லை, நூற்று எழுபது. எனக்கும் இதே வரிசையில்தான் வந்தது. பிரேக்கை மிதிக்கிற கால் அது. அதுவும் என் கை மாதிரி காலியாகிப் போனால் என்ன ஆகும் என்று நீயே யோசி.

பரிசோதனைக்குப் போ. போவதானால் ஒழுங்காகப் போ, ஏனென்றால் நான் முதல் தடவை ஒழுங்காகப் போகவில்லை. உப்பு நீரை வெளியேற்றும் மாத்திரை ஒன்று போட்டுக்கொண்டிருந்தேன், அதைச் சொல்லவில்லை. அந்த மாத்திரை கணக்கையே குழப்பிவிடுமாம். ரத்தம் கொடுத்ததெல்லாம் வீண். டாக்டர் மாத்திரைகளை மாற்றிக் கொடுத்து, நாலு வாரம் கழித்துத் திரும்ப எடுத்தார்கள். நீயாக எந்த மாத்திரையையும் நிறுத்தாதே, டாக்டரைக் கேள். உப்பைக் குறைக்காமல் வழக்கம்போலச் சாப்பிடு. பொட்டாசியம் குறைந்திருந்தால் முதலில் அதை ஏற்றச் சொல்வார்கள், குறைவாக இருக்கும்போது ஆல்டோஸ்டீரோனும் அடங்கிக் காட்டும். காலையில் எழுந்து இரண்டு மணி நேரமாவது நடமாடு. பிறகு ஒரு கால்மணி நேரம் உட்காரு. அப்புறம் ஊசி. கையை இறுக்கி மூடி மூடித் திறக்காதே.

இரண்டு எண் வரும். ஆல்டோஸ்டீரோன் ஒன்று, ரெனின் ஒன்று. என்னுடையது நாற்பத்தொன்றும் பூஜ்யம் புள்ளி இரண்டும்.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். தாளை நீயே படிக்காதே. டாக்டரிடம் காட்டு. நீ சின்ன வயதிலிருந்தே மருந்துப் பாட்டில் லேபிளையெல்லாம் படித்து அர்த்தம் சொல்வாய், அம்மாவும் வருகிறவர்களிடமெல்லாம் "எங்க குட்டி டாக்டர்" என்று காட்டுவாள். இது லேபிள் இல்லை.

பச்சைப் பையைத் திற. கெஞ்சுகிறேன் என்று வைத்துக்கொள். எனக்கு ராத்திரியில் தூக்கம் வருவதில்லை, அம்மா சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்ததை நீ ஒருவன்தான் பார்த்ததாக நினைத்துக்கொண்டிருக்கிறாய்.

அக்கா


மே 6

கொதிப்புக்கு,

உட்கார்ந்துகொண்டு படி.

போனேன். டாக்டரைக் கேட்கவில்லை, நேராக லேபுக்கே போனேன். உனக்காகப் போனேன் என்று கனவு காணாதே. இந்த விவகாரத்துக்கு ஒரு முடிவு கட்டவேண்டும் என்று போனேன். நீ சொன்ன அத்தனை சடங்கும் செய்தேன். இரண்டு மணி நேரம் தெருவை அளந்தேன், கால்மணி நேரம் பிளாஸ்டிக் நாற்காலியில் பிள்ளையைப் போலக் கைகட்டி உட்கார்ந்தேன். "ஏன் சார் கையை மடக்கவே மாட்டேங்கறீங்க?" என்று ரத்தம் எடுத்த பெண் கேட்டாள்.

தாள் வந்துவிட்டது. நகல் இணைத்திருக்கிறேன். நீ படிக்காதே என்று சொன்ன ஒரே காரணத்துக்காக நானே படித்தேன்.

ஆல்டோஸ்டீரோன் பதினாறு. பக்கத்திலேயே அச்சிட்டிருக்கிறது, நாலிலிருந்து முப்பத்தொன்று வரை சரி என்று. பதினாறு! நட்ட நடுவில்! உன்னைப் போல நாற்பத்தொன்று இல்லை. ரெனின் பூஜ்யம் புள்ளி இரண்டு, அது மட்டும் கொஞ்சம் குறைவு என்று ஒரு நட்சத்திரம் போட்டிருக்கிறான். ரெனின் கொதிப்பை ஏற்றுகிற சாமான் என்று எங்கேயோ படித்திருக்கிறேன், குறைந்தால் நல்லதுதானே. பொட்டாசியம் மூன்று புள்ளி ஒன்று. அதற்கு இரண்டு வாழைப்பழம் போதும்.

ஆக, குடும்பத்து ரத்தமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. சுரப்பி உனக்கு மட்டும்தான். அதைக்கூட நீ தனியாகத்தான் சம்பாதித்திருக்கிறாய்.

இப்போது கேள். உனக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. அம்மாவுக்கும் இந்தப் பரிசோதனை செய்தோம். ஆமாம், இதே ஆல்டோஸ்டீரோன். நீ போய் ஒரு வருஷத்துக்கு அப்புறம், பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு கிழ டாக்டர் எழுதிக் கொடுத்தார். தாளை வாங்கி வரப் போனது நான். அவரைப் பார்க்க மறுபடி அரை நாள் வரிசையில் நிற்க வேண்டும், அம்மாவால் நிற்க முடியாது. லேப் வாசலில் படிக்கட்டில் உட்கார்ந்து நானே படித்தேன். பதினெட்டு. நார்மல். வீட்டுக்கு வந்து சொன்னேன். "குட்டி டாக்டர் சொன்னா சரிதான்" என்றாள். அதன் பிறகு அந்த ஆஸ்பத்திரிக்கு நாங்கள் போகவில்லை.

சுரப்பி சரியாக இருக்கிறது என்றால் கொதிப்பு எங்கிருந்து வந்தது? மனசிலிருந்து. மனசை யார் கொதிக்க வைத்தது? அன்றைக்குத்தான் எனக்குச் சந்தேகமில்லாமல் தெரிந்தது. நான் வாய்க்கு வந்தபடி உன்னைப் பழிக்கவில்லை, கையில் தாள் வைத்துக்கொண்டுதான் பழித்தேன். தபால் அட்டையும் அந்தத் தாளைப் பார்த்துவிட்டு எழுதியதுதான்.

பச்சைப் பையைத் திற என்று கெஞ்சினாயே, திறந்துவிட்டேன். அம்மா தாளின் நகலும் இதோடு இருக்கிறது. சட்டம் போட்டு மாட்டிக்கொள்.

குட்டி டாக்டர்


ஜூன் 20

அக்காவுக்கு,

என்ன, வாயில் கொழுக்கட்டையா? ஆறு வாரம் ஆகிறது. நாலு பக்கத்துக்குப் புலம்பல் வருமென்று தபால்காரரை ஒரு நாள் விடாமல் பார்த்துக்கொண்டிருக்கிறேன். வராதது சப்பென்று இருக்கிறது. சண்டைக்கு ஆள் இல்லாவிட்டால் ருசி இல்லை.

தாளைப் பார்த்து அழுதாயா? நானும் அன்று அந்தப் படிக்கட்டில் கொஞ்சம் அழுதேன், அம்மாவுக்கு ஒன்றுமில்லை என்ற சந்தோஷத்தில். அதை யாரிடமும் சொன்னதில்லை. உன்னிடம் ஏன் சொல்கிறேன் என்று தெரியவில்லை.

போன செவ்வாய்க்கிழமை ஒரு கூத்து. வங்கியில் வேலை பார்க்கும் ஒரு பெண் ஓட்டிக்கொண்டிருந்தாள். எதிரே ஒரு சைக்கிள் திரும்பியது. நான் மிதித்தேன். மிதித்தேன் என்று நினைத்தேன். கால் அங்கேயே இருந்தது, பிரேக்கும் அங்கேயே இருந்தது, இரண்டுக்கும் பேச்சுவார்த்தை இல்லை. அந்தப் பெண்ணே பயத்தில் ஸ்டியரிங்கை ஒடித்து நடைபாதையில் ஏற்றி ஒரு பூட்டுக்கடைப் பலகையை இடித்து நிறுத்தினாள். யாருக்கும் அடியில்லை. "சார், நீங்க பிரேக் போடவே இல்லையே" என்று அழுதாள். "உனக்குத் தைரியம் வரட்டும்னுதான் போடலை" என்று சொல்லிச் சமாளித்தேன். மீசையில் மண் ஒட்டவில்லை.

வாழைப்பழம் தின்கிறேன், தினம் மூன்று. குரங்கு என்று மகள் கேலி செய்கிறாள். எட்டாவது படிக்கிறாள். வாய் உன்னை மாதிரி.

பதில் எழுது. திட்டியாவது எழுது.

தம்பி


ஜூன் 27

குட்டி டாக்டருக்கு,

திட்டவில்லை. ஒரு கணக்கு மட்டும் சொல்லித் தருகிறேன். பேனாவும் உன் தாளும் எடுத்து வைத்துக்கொள்.

சிறுநீரகம் உடம்பில் உப்பும் நீரும் குறைந்தால் ரெனினை அனுப்பும். ரெனின்தான் உத்தரவு. உத்தரவு வந்தால் அட்ரீனல் ஆல்டோஸ்டீரோனைப் போட வேண்டும். உடம்பில் உப்பு நிறைய இருந்தால் ரெனின் அடங்கிவிடும், உத்தரவு இல்லை, ஆல்டோஸ்டீரோனும் அடங்க வேண்டும். எங்கள் சலவைப் பிரிவு மாதிரிதான். மேலிருந்து சீட்டு வராத நாளில் இயந்திரம் ஓடக் கூடாது. சீட்டே இல்லாமல் பாதி வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தால், 'பாதி வேகம்தானே, நார்மல்' என்று யாரும் சொல்வதில்லை. ஓடுவதே தப்பு.

உன் ரெனின் பூஜ்யம் புள்ளி இரண்டு. ஏறக்குறைய ஒன்றுமில்லை. உத்தரவே இல்லை. ஆனாலும் ஆல்டோஸ்டீரோன் பதினாறு. அதுவும் பொட்டாசியம் மூன்றில் கிடக்கும்போது பதினாறு, அப்போது அது இன்னும் கீழே இருந்திருக்க வேண்டும். அந்த நட்சத்திரம் கொஞ்சம் குறைவு என்று சொல்லவில்லை, தலையில் அடித்துக்கொண்டிருக்கிறது.

இரண்டையும் தனித்தனியாகப் படிக்கக் கூடாது. முதலாவதை இரண்டாவதால் வகுக்க வேண்டும். இந்த அளவையில் முப்பதைத் தாண்டினால் சுரப்பியைச் சந்தேகப்பட வேண்டும், உறுதி செய்ய மேலும் ஒரு பரிசோதனை உண்டு. பதினாறைப் பூஜ்யம் புள்ளி இரண்டால் வகுத்துப் பார். எண்பது.

ஆகவே உனக்கும் இருக்கிறது என்றுதான் தோன்றுகிறது. இன்றைக்கே டாக்டரிடம் போ. காரில் ஏறாதே. இதற்கென்றே மாத்திரை இருக்கிறது, எனக்கு இரண்டு மாதத்தில் நூற்று முப்பதுக்கு வந்துவிட்டது. பத்து பைசா பெறாத வியாதி, கண்டுபிடித்துவிட்டால்.

இப்போது அம்மா தாளை எடு.

நான் வகுத்துச் சொல்ல மாட்டேன். நீயே வகு. பதினெட்டு, பூஜ்யம் புள்ளி இரண்டு. அதிலும் ஒரு நட்சத்திரம் இருக்கிறது, பார்த்தாயா? பொட்டாசியம் இரண்டு புள்ளி ஒன்பது. தாளின் அடியில் பொடி எழுத்தில் 'முடிவை மருத்துவரிடம் காட்டவும்' என்று அச்சிட்டிருக்கிறது. லேபிளில் ஒரு எழுத்து விடாமல் படிக்கிறவன் நீ, அது மட்டும் கண்ணில் படவில்லை. அந்தக் கிழவர் சும்மா எழுதவில்லை. அவருக்கு அந்தத் தாளில் ஒரு பார்வை போதும். ஒரே ஒரு அரை நாள் வரிசை. ஒரு மாத்திரை. அம்மாவுக்கு இப்போது அறுபத்தாறு வயது இருக்கும்.

அவளை அவரிடம் போகவிடாமல் திருப்பியது யார்? நான் ஊரிலேயே இல்லை.

உன் தாள்கள் மே ஒன்பதாம் தேதி எனக்கு வந்தன. வந்த அன்றே, உறையைக் கிழித்த இடத்திலேயே நின்றபடி வகுத்துவிட்டேன், இரண்டையும். அப்புறம் மேஜை இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன். ஏழு வாரம். ஏன் தெரியுமா? நீ ஜெயித்துவிட்டதாக நினைத்து நடமாடுவதை நான் கொஞ்ச நாள் பார்க்க வேண்டியிருந்தது. அம்மா போனதை எட்டு நாள் கழித்துச் சொன்னாயே, அந்த எட்டு நாளும் நான் சிரித்துப் பேசி, சாப்பிட்டு, விரிப்பு மடித்துக்கொண்டிருந்தேன். தெரியாமல் நடமாடுகிறவன் எப்படி இருப்பான் என்று உனக்குத் தெரிய வேண்டாமா?

பிரேக் கதை வந்ததும்தான் பேனாவை எடுத்தேன். உனக்காக இல்லை. சைக்கிளில் வருகிறவனுக்காக. அப்படியும் மூன்று நாள் எழுதி எழுதிக் கிழித்தேன். சரியான வார்த்தையாக இருக்க வேண்டும் என்று. இது நாலாவது. நன்றாக வந்திருக்கிறது என்று நினைக்கிறேன்.

இனிமேல் கொதிப்பு என்று கூப்பிட வேண்டுமானால் கண்ணாடியைப் பார்த்துக் கூப்பிடு. நான் கேட்ட வரியை மறக்காமல் அனுப்பு.

அக்கா


ஆகஸ்ட் 14

அக்காவுக்கு,

எழுத்து கோணலாக இருக்கும். இடது கை. வலது கை எழுதாது. காலும் அப்படித்தான். ஒரு நாளைக்கு மூன்று வரி எழுதுகிறேன். இந்தக் கடிதத்துக்குப் பத்து நாளுக்கு மேல் ஆயிற்று.

ஜூன் இருபத்தாறாம் தேதி காலையில் ஷட்டரைத் தூக்கும்போது விழுந்தேன். இருநூற்று இருபது என்றார்கள். நீ மூன்றாவதைக் கிழித்துவிட்டு நாலாவது எழுத உட்கார்ந்திருப்பாய்.

உன் கடிதம் ஜூலையில் வந்தது. எனக்கு அப்போது எழுத்தெல்லாம் நீந்தியது. மகளைப் படிக்கச் சொன்னேன். ஆஸ்பத்திரிக் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து சத்தமாகப் படித்தாள். நிறுத்தச் சொல்ல வாய் வரவில்லை. பேச்சு பாதிதான் வந்திருந்தது. நீ நன்றாகத்தான் எழுதியிருக்கிறாய். எல்லாக் கட்டிலிலும் கேட்டார்கள்.

என் தாளை அவளே வகுத்தாள். எண்பது. அம்மா தாளையும் வகுத்தாள். "தொண்ணூறுப்பா. இது யாரோடது?" என்றாள். பாட்டியுடையது என்றேன். யார் படித்தது என்று அவள் கேட்கவில்லை. கேட்காமல் என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். மரத்துப் போன கையை. அவளுக்கும் ரத்தம் எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். அடுத்த மாதம்.

டாக்டரும் அதையேதான் சொன்னார். மே மாதம் வந்திருந்தால் மாத்திரையோடு போயிருக்கும் என்றார். பழியை உன் மேல் போட எனக்கு வாயில்லை. தாளை எடுத்துக்கொண்டு நானே போயிருக்கலாம். அப்போதும் போகவில்லை, இப்போதும் போகவில்லை. அந்தப் படிக்கட்டிலேயேதான் இன்னும் உட்கார்ந்திருக்கிறேன்.

ஆனால் ஒன்று. நான் தெரியாமல் செய்தேன். நீ தெரிந்து பூட்டி வைத்தாய். என் போனில்தான் உன்னைத் தடுத்து வைத்திருந்தேன். ஸ்கூல் நம்பர் இரண்டும் நான் எழுதிய எல்லாத் தாளின் தலைப்பிலும் இருந்தன. சிவப்புக் காருக்குக் கீழே. நீயே அதைப் படித்து எழுதியிருக்கிறாய். அந்த நம்பருக்கு ஊர் பேர் தெரியாதவனெல்லாம் அடிப்பான். எடுப்பேன்.

நீ கேட்ட வரி. அம்மா உன்னால் சாகவில்லை. கையெழுத்து வேண்டாம் என்றாய், போடுகிறேன். பத்திரமாக வைத்துக்கொள்.

கடைசிப் பக்கம் முடிந்ததும் மகள் கடிதத்தை மடித்துவிட்டுக் கேட்டாள். "அப்பா, அத்தை எதுக்கு ஏழு வாரம் வெச்சிருந்தாங்க?" நீ காரணம் எழுதியிருக்கிறாய், அவளே அதைப் படித்தாள். படித்த பிறகும் கேட்கிறாள். அவளுக்கு நீயே எழுது. அவள் பெயருக்கு வருகிற கடிதத்தை நான் பிரிக்க மாட்டேன்.

தம்பி